டன்லினுக்கு ஆறு பூச்சு

டன்லின் என்ற அந்தப் பந்தய விமானம் பிறந்ததிலிருந்து ஒழிந்தது வரை வானத்தில் இருந்தது மொத்தம் பதினொன்றரை மணி நேரம். உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அது விழுந்தபோது பத்திரிகையில் அதைப் பற்றி நாலு வரி வந்தது, ஓட்டியவனைப் பற்றி இரண்டு வரி வந்தது. அதற்குத் துணி தைத்துப் பூச்சுப் பூசிய டல்சி பிரிவெட்டைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. விமானத்தைப் பார்க்கிறவர்கள் இறக்கையைப் பார்ப்பார்களே தவிர இறக்கையின் தையலைப் பார்ப்பதில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துவிடலாம்.

லண்டனுக்குத் தெற்கே, ஆற்றோரம் இருக்கும் வார்சாஷ் என்ற ஊரில் பிறந்தவள் டல்சி. ஊரில் ஆற்றுப் பக்கம் இருப்பவன் நண்டு பிடிப்பான், மேட்டுப் பக்கம் இருப்பவன் ஸ்ட்ராபெர்ரி போடுவான். பிரிவெட் குடும்பம் ஆற்றுப் பக்கம். அப்பா படகில் இல்லாத நேரமெல்லாம் மதுக்கடையில் இருந்தார். அம்மா செத்தபோது டல்சிக்கு ஒன்பது வயது, தம்பி லென்னுக்கு இரண்டு. அன்றைக்கு இடுப்பில் ஏற்றிய பிள்ளையை அவள் இறக்கவே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அதில் கேலியும் உண்டு, மெச்சலும் உண்டு.

பெரிய யுத்தத்தின்போது, பதினாறு வயதில், விமானப் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். அப்போதைய இறக்கை என்பது மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த லினன் துணி. தைத்த பிறகு டோப் என்ற ஒரு திரவத்தைப் பூசுவார்கள். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. காயக் காயத் துணி இறுகி மத்தளம் மாதிரி ஆகிவிடும். அந்த டோப்பின் நெடி ஈரலைத் தின்னும் என்று பெயர். அதனால் டோப் அறைப் பெண்களுக்குக் காலை பத்து மணிக்குக் கம்பெனி செலவில் ஆளுக்கு அரைக்குவளைக்கு மேல் பால் கொடுப்பார்கள். டல்சி இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைத் தூக்கில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள். லென் அதில்தான் வளர்ந்தான். பெரியவன் ஆன பிறகு, "என் எலும்புல பாதி டோப் ரூம் பால்" என்று சொல்லிச் சிரிப்பான்.

யுத்தம் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலைந்து வருஷம் குனிந்து குனிந்து ஸ்ட்ராபெர்ரி பறித்தாள். அப்புறம்தான் நாரிஸ் ஹாலெட் வந்தார். யுத்தத்தில் வரைபட மேஜையில் இருந்தவர். ஆற்றங்கரையில் ஒரு பழைய படகுக் கொட்டகையை வாங்கி, எட்டே ஆட்களை வைத்துச் சொந்தமாக விமானம் செய்யப் புறப்பட்டார். யாரோ காட்டிய ஒரு பழைய இறக்கையின் தையலைத் தடவிப் பார்த்து, "இது யார் கை?" என்று கேட்டு, டல்சியைத் தேடி வந்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். லென்னையும் எஞ்சின் வேலைக்கு எடுத்தார். அவனுடைய துறுதுறுப்பைப் பார்த்து அவரே பறக்கவும் கற்றுக் கொடுத்தார். இருபது வயதில் அந்தக் கரையில் அவனை மிஞ்சி ஓட்ட ஆள் கிடையாது. டல்சி ஒரு தடவைகூட அவனோடு ஏறவில்லை. தரையில் நின்று அவன் இறங்கும்வரை கழுத்து வலிக்க அண்ணாந்திருப்பாள், இறங்கியதும் திட்டுவாள்.

ஹாலெட் கெட்டவர் இல்லை. கூச்சக்காரர். மனிதர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. காலையில் டோப் அறைக் கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். மாடியில் வரைபடம், முற்றத்தின் கோடியில் டோப் அறை. தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் தள்ளி வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து கட்டளைகள் சிறு சீட்டாக இறங்கி வந்து டோப் அறைக் கதவில் ஆணியில் தொங்கும். சீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், ஏன் என்று இருக்காது. கீழேயிருந்து யாரும் படியேறிப் போய்க் கேட்டதும் கிடையாது. எந்தப் பட்டறையிலும் அப்படித்தான் வழக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் டன்லின் உருவானது. சேற்றுக் கரையில் தத்தித் தத்தி ஓடும் சின்னப் பறவையின் பெயர். ஜூலையில் நடக்க இருந்த பந்தயம் ஒன்றுக்காக மட்டுமே செய்தது. ஜெயித்தால் பட்டறை பிழைக்கும், தோற்றால் மூட வேண்டியதுதான். ஒற்றை இருக்கை, கத்தி மாதிரி மெலிந்த இறக்கை, ஆழ்ந்த நீலம். டல்சி அதற்கு எட்டு வாரம் உழைத்தாள். இறக்கைக்கு ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். முகம் பார்க்கலாம் போல ஆனது.

இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்து மாட்டியிருக்கும் மடல் ஒன்று உண்டு. அது ஏறி இறங்கினால்தான் விமானம் சாய்ந்து திரும்பும். அந்த மடல்களுக்கு மட்டும் தனிச் சீட்டு வந்தது. "மடல்கள்: நாலு பூச்சு. அதற்கு மேல் வேண்டாம்." நாலு பூச்சு ஆனதும் ஹாலெட் அவற்றை மாடிக்கு எடுத்துப் போனார். இரண்டு கத்தி முனைகளின் மேல் மடலை வைத்து, முன்பக்கம் ஈயத்துண்டு சேர்ப்பதும் சுரண்டுவதுமாக ஒரு பகல் முழுக்க இருந்தார். முற்றத்திலிருந்து ஜன்னல் வழியே தெரிந்தது.

"பாருடி, மீன்காரி தராசு பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாரு" என்றாள் நெல் கசன்ஸ். டல்சியோடு யுத்தகாலம் முதல் வேலை செய்தவள், வாய் ஓயாதவள்.

"ஒரு அவுன்ஸ் கூடினாலும் வேகம் குறைஞ்சிடும்னு பயம். சரியான கஞ்சன்" என்றாள் டல்சி. அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள். பந்தய விமானத்தில் கனம் ஆகாது என்பது டோப் அறைப் பெண்களுக்கும் தெரியும். கனம் எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஜூன் மாதம் கடைசி வியாழக்கிழமை. மறுநாள் காலை முழு வேகத்தில் கடைசிச் சோதனை, அதற்கு முன் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருகிறார். ஹாலெட் பந்தயக் காகிதங்களுக்காக லண்டன் போயிருந்தார். விமானத்தை வெயிலில் தள்ளி நிறுத்தினார்கள். டல்சி சுற்றி வந்து பார்த்தாள். இறக்கை தகதகவென்று இருந்தது. மடல்கள் மட்டும் மங்கல்.

"கோட்டு புதுசு, முழங்கையில மட்டும் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு. படத்துல இதுதான் பளிச்சுனு தெரியும்" என்றாள்.

லென் எஞ்சினுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "அப்ப பூசிடேன் அக்கா."

"நாலுதான்னு எழுதியிருக்குடா."

"எழுதினவரு லண்டன்ல இருக்காரு. எவ்வளவு கனம் கூடும்?"

"ரெண்டு மடலுக்கும் சேத்து ஒரு ராத்தல் வரும். இல்ல, அதுகூட வராது."

"அவ்வளவுதானா? நாளைக்குக் காலையில நான் சாப்பிடாம ஏறுறேன். கணக்கு நேராயிடும்."

"உன் தீனிக்கு எட்டு பூச்சு பூசலாம்டா!" என்றாள் நெல். எல்லோரும் சிரித்தார்கள். டல்சி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு பூச்சுப் பூசினாள். தேய்த்து மெழுகும் போட்டாள். இறக்கைக்கும் மடலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அன்று வீட்டுக்கு நடந்தபோது இருந்த திருப்தி அவளுக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

காலையில் பன்றி இறைச்சி வறுத்து, ரொட்டி சுட்டு வைத்தாள். லென் தட்டைத் தள்ளினான்.

"விளையாடாதே, சாப்பிடு."

"வாக்குன்னா வாக்குதான். ஒரு ராத்தல் உன் பெயிண்ட்டு, ஒரு ராத்தல் என் சாப்பாடு."

"ராட்சசா, நீ திரும்பி வா. இதே தட்டை உன் வாயில திணிக்கிறேன்."

கிண்ணத்திலிருந்து ஒரே ஒரு ஸ்ட்ராபெர்ரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்குக் கனமில்ல" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

படம் எடுத்து முடித்து எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தபோது, ரயிலிலிருந்து இறங்கி ஹாலெட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இறக்கை ஓரமாக நடந்து, மடல்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கண்டுபிடித்துவிட்டார் என்றே டல்சி நினைத்தாள். அவர் திரும்பி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு, மிஸ் பிரிவெட்" என்றார். அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

லென் இரண்டு சுற்று உயரத்தில் போனான். மூன்றாவது சுற்றில் தாழ்ந்து, தண்ணீரை ஒட்டி முழு வேகத்தில் வந்தான். அப்போது ஒரு சத்தம் கேட்டது. இரும்பு வேலிக் கம்பியில் குச்சியை வைத்து இழுத்துக்கொண்டே ஓடினால் வரும் சத்தம். இரண்டு நொடிகூட இல்லை. இடது இறக்கை தனியாகப் பறந்தது. மிச்சம் நீர் வற்றிய சேற்றில் குத்தி நின்றது. டல்சி சேற்றில் இடுப்பளவு இறங்கிவிட்டாள். நாலு பேர் சேர்ந்து இழுத்து வர வேண்டியிருந்தது. வீட்டில் அந்தத் தட்டு மேஜை மேல் அப்படியே இருந்தது.

விசாரணை ஊர் மன்றத்தில் நடந்தது. ஹாலெட் எழுந்து நின்றார். "இறக்கையை நான் மெலிசாக்கிட்டேன். தாங்கற பலம் அதுக்கு இல்ல. தப்பு முழுக்க என்னுது" என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். எழுதிக்கொண்டார்கள், அதோடு முடிந்தது.

லென்னின் அடக்கத்துக்கு ஹாலெட் அனுப்பிய மலர் வளையத்தை டல்சி தானே எடுத்துப் போய், அவர் வாசலில் எறிந்தாள். தெருவே கூடிவிட்டது.

"வேகம் வேணும்னு என் தம்பி உசிரைச் சீவிச் சீவி மெலிசாக்கினான் இந்த ஆளு! இந்த ஊர்ல ஒருத்தரும் இவன் மூஞ்சில முழிக்காதீங்க!"

ஹாலெட் கதவைத் திறந்து, குனிந்து வளையத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு வாய் இல்லை என்பதே அவள் வாய்க்கு வசதியாயிற்று.

ஆறு வருஷம் அவள் இதை விடவில்லை. கறிக்கடை வரிசையில் சொன்னாள், ஸ்ட்ராபெர்ரி வரப்பில் சொன்னாள், ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அவர்கள் காதில் போட்டாள். துக்கம் மனிதரை நல்லவராக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். டல்சியை அது நன்றாகப் பேசுகிறவளாகத்தான் ஆக்கியது. சொல்லச் சொல்ல கதைக்குக் கைகால் முளைத்தது. பட்டறை மூடியது. ஹாலெட் அந்தக் கொட்டகையிலேயே தங்கி, வெளியூர்க்காரர்களின் படகுகளைப் பழுது பார்த்துப் பிழைத்தார். உள்ளூர்க்காரன் ஒருவனும் அவரிடம் துடுப்பைக்கூடக் கொடுக்கவில்லை. கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ரொட்டியை வாங்கிக்கொண்டு, கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

முப்பத்தெட்டில் மறுபடி யுத்தப் பேச்சு. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய ஆலை பெண்களை எடுத்தது. டல்சியும் நெல்லும் பழையபடி டோப் அறைக்குப் போனார்கள். பாலும் பழையபடி பத்து மணிக்கு வந்தது. டல்சி அதைத் தொடவில்லை.

முதல் வாரம் ஆலையின் பரிசோதகர் ஒருவர் புதுப் பெண்களையெல்லாம் கூட்டி நிறுத்தினார். வேடிக்கை மனிதர். மரச்சட்டத்தில் ஒரு சின்ன இறக்கை, அதன் பின்னால் கீல் போட்ட மடல். எதிரே ஒரு பெரிய மின்விசிறி.

"பாத்துக்கோங்கம்மா. மடல் எடை சரியா இருக்கு. காத்து விடுறேன். ஆடுதா? ஆடல. இப்ப பாருங்க." மடலின் பின் விளிம்பில் ஓர் அரைப்பென்னிக் காசை ஒட்டினார். "இது நீங்க அன்பாப் பூசின இன்னொரு பூச்சு. அவ்வளவுதான்."

விசிறியைத் திருப்பினார். மடல் நடுங்கியது. அப்புறம் படபடவென்று அடித்துக்கொண்டது. இரும்பு வேலியில் குச்சி இழுக்கும் அதே சத்தம். சின்ன இறக்கை முறிந்து நெல்லின் காலடியில் விழுந்தது. பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள்.

"கீலுக்குப் பின்னால கனம் ஏறினா மடல் தானா அடிச்சுக்கும், இறக்கையையே பிச்சு எறிஞ்சிடும். எவ்வளவு பலமான இறக்கையா இருந்தாலும் சரி. அதனால சீட்டுல நாலுன்னா நாலு. புரிஞ்சுதா?"

டல்சி சிரிக்கவில்லை. சத்தம் கேட்ட நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சத்தை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

படகேறி இக்கரை வந்தாள். நேரே கொட்டகைக்கு நடந்தாள். ஹாலெட் ஒரு படகின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். திட்டு வாங்க நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"மடலுக்கு ஆறு பூச்சுப் பூசினேன்" என்றாள் டல்சி. "நீங்க நாலுன்னு எழுதியிருந்தீங்க. நான் ஆறு பூசினேன்."

அவர் தலையை ஆட்டினார். "தெரியும், மிஸ் பிரிவெட்."

"என்ன தெரியும்?"

உள்ளே போய்ப் பாய்த்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து பிரித்தார். நீலம். ஒரு மூலை நசுங்கிய மடல். பளபளப்பு இன்னும் போகவில்லை.

"ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறவங்க வரப்புல கிடந்துதுன்னு மறுநாள் கொண்டுவந்து குடுத்தாங்க. எடை போட்டேன். ஏழு அவுன்ஸ் கூட இருந்துது."

"மறுநாளேவா! அப்ப மன்றத்துல ஏன் சொல்லல? ஆறு வருஷமா உங்களை நான் நாக்குல போட்டுக் கிழிச்சேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் திருப்பிச் சொல்லியிருக்கலாமே!"

"உங்களுக்கு இருந்தது அவன் ஒருத்தன். அவனைக் கொன்னதும் நீங்கதான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" தொப்பியை விரலால் சுற்றினார். "அதோட, அது முழு உண்மையும் இல்ல. சீட்டுல ஏன்னு ஒரு வரி எழுதியிருந்தா நீங்க பூசியிருக்க மாட்டீங்க. டோப் ரூமுக்கு யாரும் ஏன்னு எழுதறதில்ல. நானும் எழுதல. அன்னைக்குக் காலையில கையை வெச்சுத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்துது. எனக்குத் தோணியிருக்கணும். அழகா இருக்குன்னுதான் தோணிச்சு."

டல்சி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அவன் சாப்பிடாம போனான்" என்றாள். "என் பூச்சுக்குக் கணக்கு நேராகணும்னு, பட்டினியா போனான்."

ஹாலெட்டுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் அழுததை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஊருக்கு நான் சொல்லப்போறேன்" என்று எழுந்தாள். "நாளைக்கு வந்து இந்த மடலை வாங்கிக்கிறேன். கறிக்கடை வாசல்ல வெச்சு, எடை போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம். எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குத் தாங்காது."

"எனக்குத் தாங்குமா தாங்காதான்னு நீங்க யாரு முடிவு பண்ண?"

மறுநாள் வந்தபோது மடல் இல்லை. அடுப்பில் போட்டு எரித்துவிட்டிருந்தார். டோப் பூசிய துணி ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். கருகிய கீல்கள் மட்டும் சாம்பலில் கிடந்தன. டல்சி அவரைக் கையால் அடித்தாள். தோளில், மார்பில், அழுதுகொண்டே அடித்தாள். நல்ல மனசு என்பதை ஒரு நோயாக வைத்திருக்கிற மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆனாலும் சொன்னாள். எந்த வரிசையில் நின்று அவரைத் தூற்றினாளோ அதே வரிசையில் நின்று சொன்னாள். "அவரு மேல தப்பில்ல. நான்தான். ரெண்டு பூச்சு கூடப் பூசினேன்." கறிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பரிவோடு பார்த்தார். "பெயிண்ட்டுல விமானம் விழுமா, டல்சி? நீ போய் ஒரு டீ குடி." பாதிரியார், துக்கம் தன்மேலேயே திரும்புவது சகஜம் என்று ஆறுதல் சொன்னார். நெல்கூடக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆலையில அந்தப் பரிசோதகர் காட்டின விளையாட்டைப் பாத்து மனசு கெட்டுப்போச்சு உனக்கு. ஹாலெட்டே தன் வாயால ஒத்துக்கிட்டாரேடி, மன்றத்துல. நீயேதானே எங்களுக்கெல்லாம் ஆறு வருஷமா சொன்ன?"

அவள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஊருக்கு அதை மறக்கத் தெரியவில்லை. கெஞ்சினாள், கத்தினாள், பத்திரிகைக்கு எழுதினாள். பதில் வரவில்லை. கடையில் ஹாலெட் நுழைந்தால் பேச்சு நிற்பது நிற்கவே இல்லை. சனிக்கிழமைதோறும் டல்சி அவர் கொட்டகைக்கு ரொட்டியும் நண்டும் கொண்டுபோக ஆரம்பித்தாள். அவரிடம் பழுதுக்கு வரும் படகுப் பாய்களைத் தைத்துக் கொடுப்பாள். வேலைக்கு முன் ஒவ்வொரு தடவையும், "இந்த இடத்துல ரெட்டைத் தையல், ஏன்னா..." என்று அவர் ஏன் என்பதைச் சொல்லித்தான் தொடங்குவார்.

நாற்பதாம் வருஷம் ஜனவரியில் ஆற்றோரம் உறைந்துபோன குளிரில் ஹாலெட்டுக்கு மார்ச்சளி கண்டது. ஒன்பது நாள்தான். அடக்கத்துக்கு வெளியூர்ப் படகுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். டல்சி குழியின் ஓரத்தில் மலர் வளையத்தோடு நின்றாள். அந்தக் குளிரில் பூ கிடைக்காததால், பச்சை இலைகளைத் தன் கையாலேயே லினன் நூலில் கோத்திருந்தாள். நெருக்கமான, சீரான தையல். அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

கல்லறைச் சுவருக்கு அப்பால் ரேஷன் வாங்கப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். உறைந்த காற்றில் பேச்சு துல்லியமாகக் கேட்டது.

"டல்சிதானே அது? அந்த ஆளுக்கா அழுவுறா?"

"மன்னிச்சிட்டாடி. தம்பியைக் கொன்னவனையே மன்னிச்சிட்டா. இந்த மனசு யாருக்கு வரும்?"